விற்பவர் வீட்டுத் தண்ணீர்

வாங்குபவர் தரப்புப் பரிசோதகர் அவர்களுக்கு,

விற்பவர் தரப்பில், கரி சேர்த்த டேங்குகள் செய்யும் கருப்புப் பிரிவின் மேஸ்திரியும், கல்யாணமான நாள் முதல் உங்கள் மனைவியுமாக இருப்பவள் எழுதிக்கொள்வது. இங்கே நானும் சின்னவளும் சுகம். நீங்கள் சுகமா என்று நான் விசாரிப்பதற்கு உங்கள் கம்பெனி விதியில் தடை இருக்காது என்று நினைக்கிறேன். இருந்தால் அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டு மேலே படியுங்கள்.

போன் இருக்க இதென்ன கடிதம் என்பீர்கள். போனில் நான் ஒன்று சொல்ல, நீங்கள் ஒன்று சொல்ல, நடுவில் சின்னவள் புகுந்து வேறொன்று சொல்ல, கடைசியில் யாராவது ஒருவர் கோபித்துக்கொண்டு வைத்துவிடுகிறோம். எழுத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் மதிய இடைவேளையில் ரெசின் டிரம் மேல் அட்டையை வைத்து எழுதுகிறேன். தாளில் அங்கங்கே கரி விரல் பட்டிருக்கும். கையைக் கழுவிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். இந்தக் கரி எந்தச் சோப்புக்கு அடங்கியிருக்கிறது, உங்களுக்குத் தெரியாததா.

முதலில் தொழில் விஷயம். நீங்கள் சாக்பீஸால் பெரிய பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போன டேங்க் பற்றி முதலாளி உங்கள் அலுவலகத்துக்கு முறைப்படி எழுதிவிட்டார். 'மேற்பூச்சில் தவறு கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்பட்டது' என்று ஒரு வரி. நடந்தது ஒரு வரியில் அடங்குகிற சங்கதி இல்லை.

அன்றைக்கு நீங்கள் வண்டியை விட்டு இறங்கியதை நான் ஷெட்டுக்குள் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். புதுத் தலைக்கவசம், மார்பில் போட்டோ போட்ட அட்டை, கக்கத்தில் மட்டும், மின்சாரம் ஓடுகிறதா என்று பார்க்கிற அதே பழைய மெக்கர் பெட்டி. இந்த ஆர்டர் எங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து நீங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அதற்கு முன்பெல்லாம், நம் ஷெட்டை விட்டு அந்த ஆலை வேலைக்குப் போன பிறகும், மாதம் தவறாமல் வருவீர்கள். வேலை மும்முரம் போலிருக்கிறது, டேங்கைப் பார்க்க வரும்போது இரண்டு நாள் தங்குவீர்கள் என்று நானாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். நீங்கள் நேரே ஷெட்டுக்குள் வந்து, இந்த டேங்குக்கு யாருங்க பொறுப்பு என்று கேட்டீர்கள். பசங்கள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். நான்தாங்க என்றேன். நீங்கள் சிரிக்கவே இல்லை.

ரெசின் பெரியம்மா டீ கொண்டு வந்தாரே, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. கரி சேராத டேங்குகள் செய்யும் வெள்ளைப் பிரிவில் காலமெல்லாம் ரெசின் பசை கலக்கிய மனுஷி. நீங்கள் தனிக்கட்டையாக இருந்த காலத்தில் தன் டப்பாவில் பாதியை உங்களுக்கு எடுத்து வைத்த கை. விற்கிறவங்க இடத்துல தண்ணிகூடக் குடிக்கக் கூடாதுங்க பெரியம்மா, அதுதான் விதி என்று நீங்கள் சொன்னீர்கள். மெதுவாகத்தான் சொன்னீர்கள். ஆனாலும் அவர் டம்ளரைக் கீழே வைக்கவும் தெரியாமல் திரும்பிக் கொண்டுபோகவும் தெரியாமல் அப்படியே நின்றார்.

அப்புறம் டேங்குக்குள் இறங்கினீர்கள். பித்தளைக் குண்டு ஒன்றைச் சுவரில் வைத்து, இன்னொரு ஒயரை வெளியே மண்ணுக்குள் இறங்கும் செப்புப் பட்டையில் கவ்வ வைத்து, கைப்பிடியைச் சுற்றினீர்கள். முள் போய், முடிவிலி என்று போட்டிருக்கிற அந்தப் படுத்துக் கிடக்கிற எட்டில் உட்கார்ந்துகொண்டது. இடம் மாற்றிப் பார்த்தீர்கள், அங்கேயும் அதே எட்டு. மேலே, கீழே, மூடிக்குப் பக்கத்தில், எங்கே வைத்தாலும் ஒரு துளி மின்சாரம் கடத்த மாட்டேன் என்றது, கடத்துவதற்கென்றே செய்த டேங்க். என் டேங்க். பசங்களில் ஒருவன் மீட்டர்தான் ரிப்பேர் என்று முணுமுணுத்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், வாயை மூடு என்று நான்தான் அவனை அடக்கினேன். நீங்கள் பெருக்கல் குறி போட்டீர்கள், கையெழுத்து வாங்கினீர்கள், வண்டி ஏறினீர்கள். வீட்டில் சமைத்து மூடி வைத்திருந்ததை நானும் சின்னவளும் மறுநாளும் சூடு பண்ணிச் சாப்பிட்டோம்.

ஒரு வாரம் உங்கள் மேல் எனக்கு இருந்த கோபத்தை இங்கே எழுதினால் தபால்காரர் வாங்க மாட்டார். மனுஷன் பதவி வந்ததும் மாறிவிட்டார், எனக்கு முன்னாலேயே தன் நேர்மையைக் காட்டிக்கொள்கிறார் என்றெல்லாம் நினைத்தேன். தப்பு எங்கே என்றுகூட ஒரு வார்த்தை பேசவில்லையே என்று நினைத்தேன். உப்புத்தாளை எடுத்துக்கொண்டு டேங்குக்குள் இறங்கி, அந்தக் கோபத்தோடு ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்த்தேன். தேய்த்த இடத்தில் கருப்பு வரவில்லை. கண்ணாடி மாதிரி ஒரு தோல் உரிந்து வெள்ளைத் தூளாக வந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நீங்கள் வருவதற்கு முன்னால், கரிப் பூச்சை நான் முடித்துவிட்டு, சின்னவளின் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள் என்று அரை நாள் போயிருந்தேன். அந்த நேரத்தில் பெரியம்மாவும் வெள்ளைப் பிரிவுப் பெண்கள் நாலு பேரும் சேர்ந்து டேங்கின் உள்பக்கம் முழுக்க ஒரு பளபளப்புப் பூச்சு அடித்திருக்கிறார்கள். நம்ம மாப்பிள்ளை வர்றாரு, உள்ளே முகம் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டாமா என்று பெரியம்மா சொன்னாராம். வெள்ளை டேங்குக்கு அதுதானே கடைசி அலங்காரம். கரித்தூள் போட்டால் மங்கலாகத் தெரியும் என்று அதைப் போடாமல் விட்டுவிட்டார்கள். தெளிந்த ரெசின், அதில் கொஞ்சம் மெழுகு, அவ்வளவுதான். கடத்தும் டேங்குக்கு அழகாக ஒரு ரப்பர் சட்டை தைத்துப் போட்டாயிற்று. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை.

அதிலும் வேடிக்கை பாருங்கள், வேறு எந்தப் பரிசோதகர் வந்திருந்தாலும் அவர்கள் இந்த வேலை செய்திருக்க மாட்டார்கள். வருவது நீங்கள் என்பதால்தான் கெட்டது. விஷயம் தெரிந்ததும் பெரியம்மா என்னிடம் வந்து உப்புத்தாளை வாங்கிக்கொண்டு டேங்குக்குள் இறங்கிவிட்டார். முட்டி வலிக்கிற உடம்பு, வேண்டாம் என்றால் கேட்கவில்லை. நாங்கள் அத்தனை பேரும் உள்ளே உட்கார்ந்து, தண்ணீர் தொட்டுத் தொட்டு, அடியில் இருக்கிற கரி இழைத் துணி கிழியாமல் தேய்த்தோம். கருப்புக் குழம்பு முழங்கை வழியே ஓடியது. பெரியம்மாவின் முகத்தைப் பார்த்து அவரே சிரித்துவிட்டார், இத்தனை வருஷம் வெள்ளையில இருந்துட்டு கடைசியில உங்க கட்சிக்கு வந்துட்டேன் பாரு என்றார்.

மணி அடித்துவிட்டது. மிச்சத்தை வீட்டில் எழுதுகிறேன்.

இது மறுநாள். சின்னவள் எதிரில் உட்கார்ந்து கட்டுரை எழுதுகிறாள். என் தாயின் தொழில் என்று தலைப்பு. காலையிலிருந்து ஒரே கேள்வி. இரும்பிலேயே டேங்க் செய்தால் என்ன என்றாள். அமிலம் தின்றுவிடும் என்றேன். அப்போ பிளாஸ்டிக் போதுமே, ஏன் கரி என்றாள். கம்பளிச் சட்டையைக் கழற்றும்போது சடசட என்கிறதே, அதே மின்சாரம், கெமிக்கல் குழாயில் ஓடி வரும்போதும் உரசலில் பிறக்கும், வெறும் பிளாஸ்டிக்கில் அது போக வழி இல்லாமல் தேங்கி நிற்கும், தேங்கினது ஒரு நாள் பொறியாகப் பாயும், பக்கத்தில் தீப்பிடிக்கிற சரக்கு இருந்தால் அவ்வளவுதான், கரி இருந்தால் சத்தம் இல்லாமல் சுவர் வழியே இறங்கி மண்ணுக்குப் போய்விடும் என்று சொல்லிக் கொடுத்தேன். அவள் எழுதியிருப்பது என்ன தெரியுமா? என் தாய் மின்சாரம் ஓடிப்போக வழி செய்து கொடுப்பவர். டீச்சர் என்ன நினைப்பாரோ.

பொறி என்றதும் அவள் அப்பாவின் புருவத்தைப் பற்றிக் கேட்டாள். நான் எழுந்து போய் நம் கல்யாணப் போட்டோவை எடுத்து வந்தேன். அதைப் பார்த்துத்தான் என் மிச்சக் கோபமும் இறங்கியது என்று சொன்னால் நம்புவீர்களா?

உங்களுக்கு இடது புருவத்தின் வால் பக்கம் கிடையாது. அந்த வெளியூர் ஆலை முற்றத்தில், நம் வெள்ளை டேங்கில் சரக்கு நிரப்பும்போது அதன் வாயில் தீ எழும்பியதே, அதில் போனது. மற்றதெல்லாம் முளைத்தது, அது முளைக்கவில்லை. கூட நின்ற லோடுமேனுக்குக் கை வெந்தது. நீங்கள் அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை, என்னிடமும் பேசியதில்லை. திரும்பி வந்து முதலாளியிடம், இனிமே அந்தச் சரக்குக்கு வெள்ளை டேங்க் போனா நான் வேலைக்கு வரமாட்டேங்க என்று மட்டும் சொன்னீர்களாம். அப்புறம்தான் கருப்புப் பிரிவு வந்தது. அழுக்கு வேலை என்று ஒருத்தரும் போக மாட்டேன் என்றபோது நான் போனேன். எனக்கு அப்போது வெள்ளைப் பிரிவு மேஸ்திரியோடு சண்டை, அவர் முகத்தைப் பார்க்காமல் இருந்தால் போதும் என்று போனேன். உங்களுக்காகப் போனேன் என்று நீங்கள் எல்லாரிடமும் சொல்லித் திரிவது சுத்தப் பொய்.

முதல் கருப்பு டேங்க் உங்களுக்கு நினைவிருக்கிறதா? வெள்ளையில் விளக்கைப் பின்னால் பிடித்தால் உள்ளே இருக்கிற காற்றுக் குமிழ் அத்தனையும் தெரியும். கருப்பில் ஒன்றும் தெரியாது. கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை செய்கிற மாதிரிதான். ரோலர் ஓட்டும்போது சரசர என்று வருகிற சத்தத்தை வைத்துத்தான் துணியில் ரெசின் ஈரம் ஏறிவிட்டதா என்று கண்டுபிடிக்கக் கற்றோம். எத்தனை பாழ் செய்தோம். ஒன்று அச்சை விட்டு வரவே மாட்டேன் என்று, கடைசியில் அச்சையும் சேர்த்து உடைத்தோம். முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார், நீங்கள் போய் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தீர்கள்.

அந்த மெக்கர் பெட்டியோடு நீங்கள் உள்ளே இறங்கி, இந்தக் குண்டைக் கொஞ்சம் அழுத்திப் புடி என்றீர்கள். நீங்கள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. என்ன ஒரு காதல் வசனம். நான் ஒரு கோடியில் குண்டைப் பிடிக்க, நீங்கள் மறுகோடியில் கைப்பிடி சுற்ற, அந்த முள் அசைந்து, மின்சாரம் ஓடுகிறது என்று பூஜ்யத்துப் பக்கம் விழுந்தது. நீங்கள் சத்தம் போடவில்லை, சிரிக்கவும் இல்லை. கண் கலங்கிற்று. கரித்தூசி என்று சொன்னீர்கள். அன்றைக்குத்தான் எனக்கு உங்களைப் பிடித்தது. இதை நான் இதுவரை சொன்னதில்லை, எழுத்தில் வந்துவிட்டது, போகட்டும்.

அதற்குப் பிறகு டேங்குக்குள் தனியாக இருக்கிறோம் என்று நினைத்து நீங்கள் பாட ஆரம்பித்தீர்கள். டேங்குக்குள் பாடினால் ஆள் இறங்குகிற மேன்ஹோல் வழியே ஷெட் முழுக்கக் கேட்கும் என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நான்தான் சொல்ல விடவில்லை. சுருதி சேராத பாட்டுத்தான். இப்போது அந்த ஷெட்டில் யாரும் டேங்குக்குள் பாடுவதில்லை, வேலை என்னவோ நன்றாகத்தான் நடக்கிறது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் நீங்கள் என்னிடம் வந்து, போட்டோவுல புருவம் அசிங்கமா இருக்குமே என்று வருத்தப்பட்டீர்கள். என் கண் மைப் பென்சிலால் நான் வரைந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது. அதனால்தான் போட்டோவில் நீங்கள் எதையோ பார்த்துச் சந்தேகப்படுகிற மாதிரி இருக்கிறீர்கள். சின்னவள் பார்த்து, அப்பா அப்பவே இன்ஸ்பெக்டர்தான் என்றாள். அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். அப்புறம் அந்தப் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முள் எட்டை விட்டு நகராதபோது நீங்கள் என்னைப் பார்க்கவில்லை, அந்த ஆலை முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இது எனக்கு அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும். அந்தப் பெருக்கல் குறியை நீங்கள் போடாமல் போயிருந்தால்தான் நான் உங்களோடு குடும்பம் நடத்தியதற்கு அர்த்தம் இல்லை.

வீட்டுச் சங்கதிகள்: குளியலறைக் குழாய் மறுபடி சொட்டுகிறது. நானே பிரித்து வாஷர் மாற்றினேன், இப்போது முன்பைவிட வேகமாகச் சொட்டுகிறது. மாடி வீட்டுக்காரர்கள் காலி பண்ணிவிட்டார்கள். சின்னவளுக்கு உங்கள் உயரம் வந்துவிடும் போலிருக்கிறது, போன வருஷச் சட்டை ஒன்றும் ஆகவில்லை. உங்களுக்கு முதுகு வலி எப்படி இருக்கிறது? அங்கே அறையில் மெத்தை சரியில்லை என்றீர்களே, பலகை மேல் படுங்கள்.

இனி நான் உண்மையில் எழுத வந்ததற்கு வருகிறேன். இவ்வளவு நேரம் சுற்றி வளைத்ததே இதற்குப் பயந்துதான்.

நீங்கள் ஏன் வீட்டுக்கு வரவில்லை என்று முந்தாநாள்தான் முதலாளி எனக்குச் சொன்னார். உங்கள் மேலாளரிடம் நீங்களே போய், அந்த ஷெட்டுல என் மனைவி மேஸ்திரி என்று சொல்லிவிட்டீர்களாம். அவர் யோசித்துவிட்டு, கருப்பு டேங்க் தெரிந்த ஆள் வேறு யாரும் இல்லை, நீங்களே பாருங்கள், ஆனால் அந்த ஷெட்டோடு கணக்கு வழக்கு இருக்கிற வரைக்கும் அவர்கள் யார் வீட்டிலும் கை நனைக்கக் கூடாது என்றாராம். விதியை எழுதினவர் நம் வீட்டை நினைத்து எழுதியிருக்க மாட்டார். நீங்களும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறீர்கள். இதை என்னிடம் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. சொன்னால் நான் கருப்புப் பிரிவை விட்டுவிடுவேன் என்று பயந்தீர்களாம், அதையும் முதலாளிதான் சொன்னார். ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்த பிறகுதான் நம் வீட்டு விஷயம் எனக்கு வருகிறது.

இந்த ஒரு டேங்கோடு முடிந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம். இது தேறினால் உங்கள் ஆலைக்கு வேண்டிய டேங்க், குழாய், புகைக்கூண்டு எல்லாமே எங்களிடம்தானாம். சின்னவள் பள்ளி முடித்துப் போகிறவரை வேலை இருக்கும் என்று முதலாளி ஆசையோடு சொன்னார். இரண்டாவது தடவையும் தேறாவிட்டால் எங்கள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள், கருப்புப் பிரிவைப் பூட்ட வேண்டியதுதான். வேறு பரிசோதகரை அனுப்பச் சொல்லிக் கேட்கட்டுமா என்றும் கேட்டார். நான் வேண்டாம் என்றேன். வேறு ஆள் வந்தாலும் விதி விதிதான், வீட்டுக்கு நீங்கள் வரப்போவதில்லை. நீங்களே பரிசோதிக்க வந்தால், டேங்குக்கு வெளியே நின்றாவது உங்களைப் பார்ப்பேன் இல்லையா.

ஆக, தேறினால் வேலை இருக்கும், நீங்கள் வர மாட்டீர்கள். தேறாவிட்டால் அன்று மாலையே நீங்கள் வீட்டுக்கு வந்து அந்தச் சொட்டுகிற குழாயைப் பிரித்துப் போடலாம். இதை யோசித்து யோசித்து அன்றைக்கு டேங்குக்குள் உட்கார்ந்திருந்தேன். கடைசிப் பூச்சு என் கையால்தான் அடித்தேன், கரித்தூளை நானே நிறுத்துப் போட்டேன். ஒரு கைப்பிடி குறைத்துப் போட்டால் யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பு எனக்கு வந்தது, உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் அந்த டேங்க் பக்கத்தில் நாளைக்கு நிற்கப்போகிறவர் நீங்கள். உங்களுக்கு மிச்சமிருக்கிற புருவத்தையாவது நான் காப்பாற்ற வேண்டாமா. அளவு பிசகாமல் போட்டுவிட்டேன்.

உள்ளங்கை அகலம் தேய்த்த அன்று மட்டும் முதலாளியின் மீட்டரில் பார்த்தேன், முள் விழுந்தது. முழு டேங்கை நாங்கள் சோதித்துப் பார்க்கவில்லை. முதலாளி பார்க்கலாம் என்றார், நான்தான் அவர் வந்தே பார்க்கட்டும் என்று தடுத்துவிட்டேன். திமிர் என்று நினைத்துக்கொண்டார். அது இல்லை. முன்கூட்டித் தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் இல்லை.

வருகிற வாரம் வருவதாகத் தகவல் வந்திருக்கிறது. வாருங்கள். மெத்தனம் காட்ட வேண்டாம், எல்லா மூலையிலும் வைத்துப் பாருங்கள். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கைப்பிடியைச் சுற்றும்போது மேன்ஹோல் பக்கம் திரும்பாதீர்கள். நான் அங்கே நிற்பேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, என் கையால் செய்தது தேற வேண்டுமா வேண்டாமா என்று தெரியாமல் நிற்பேன். அது என் முகத்தில் எழுதியிருக்கும், உங்களுக்குப் படிக்கத் தெரியும். என்னைப் பார்க்காதீர்கள். முள்ளை மட்டும் பாருங்கள், முள் எங்கே விழுகிறதோ அதை எழுதுங்கள்.

நல்லபடியாக வந்து, நல்லபடியாகப் போய்ச் சேருங்கள்.

உங்களுக்கென்றே இருக்கிற,
மேஸ்திரி